கட்டிலுக்கு அடியில் வெளுத்த இடம்

“இது கழுவுனாப் போகுமா, போகாதா?”

ஜோசபின் டீச்சர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அம்மா அந்த நேரம் பின்பக்கக் குழாயடியில் வாளிக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். ஹாலில் இருந்த எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரரான டீச்சர், வீட்டைக் காலி செய்கிற கருத்தக்கண்ணன் அண்ணன், அவர் மனைவி முத்துமீனா அக்கா, புரோக்கர் முத்திருளன். டீச்சரின் விரல் காட்டிய இடத்தில், மூன்று வருடமாகக் கட்டில் கிடந்த இடத்தில், மொசைக் தரை பாதிப் பாய் அளவுக்கு வெளுத்திருந்தது.

நான் சொல்லப்போகிற பதிலில் பதினெட்டாயிரம் ரூபாய் இருந்தது. கழுவினால் போகும் என்றால் எங்கள் கூலியோடு முடிந்துவிடும். போகாது என்றால் ஹால் முழுவதும் மிஷின் வைத்துப் பாலிஷ் போட வேண்டும். அந்தச் செலவை டீச்சர் காலி செய்கிறவர்களின் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்.

அந்த இடத்தை எனக்குத் தெரியும். அங்கே நின்ற எல்லோரையும் விட எனக்கு நன்றாகத் தெரியும்.

நானும் அம்மாவும் காலி வீடு கழுவுகிறவர்கள். குடியிருந்தவர்கள் போன பிறகு, அடுத்தவர்கள் பால் காய்ச்ச வருவதற்கு முன்னால், நடுவில் கிடைக்கிற ஒன்றிரண்டு நாள்தான் எங்களுடைய நாள். தெப்பக்குளத்தைச் சுற்றியும் அனுப்பானடி, சிந்தாமணிப் பக்கமும் எந்த வீடு காலியானாலும் புரோக்கர்கள் அம்மாவுக்குத்தான் போன் போடுவார்கள். அடுப்படிச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடா உப்புப் போட்ட வெந்நீர். பிள்ளைகள் பீரோவிலும் கதவிலும் ஒட்டிவைத்த ஸ்டிக்கருக்குத் தேங்காய் எண்ணெய். போர் தண்ணீர் பாத்ரூம் டைல்ஸில் விட்டுப்போன உப்புக்கு ஆசிட். எல்லாவற்றுக்கும் அம்மாவிடம் ஒரு வழி இருந்தது. முத்திருளன் ஆட்களுக்கு வீடு காட்டும்போது, “பாண்டிமீனா கழுவுன வீடு” என்று சொல்லித்தான் கதவைத் திறப்பார். புதிதாக பெயிண்ட் அடித்த வீடு என்று சொல்வதைப் போலச் சொல்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் வாளியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவேன். முகத்தில் சிரிப்பு தெரிந்துவிடும்.

அம்மாவின் விரலை ரேஷன் கடை மிஷின் படிக்காது. ஆசிட்டிலும் தேங்காய் நாரிலும் ரேகை தேய்ந்துவிட்டது. கடைக்காரர் பத்து விரலையும் வைக்கச் சொல்லிப் பார்த்து அலுத்து, கடைசியில் என் விரலை வைக்கச் சொல்வார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கொரோனாவுக்குப் பள்ளிக்கூடத்தை மூடியபோது என்னிடம் போன் இல்லை. திறந்தபோது எனக்குப் போகப் பிடிக்கவில்லை. எழுந்து நின்று வாசி என்றால் எனக்குக் குரல் வராது. எழுதச் சொன்னால் பக்கம் பக்கமாக எழுதுவேன்; வாசிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பிடித்தபடி நிற்பேன். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பும். காலி வீட்டில் அந்தத் தொல்லை இல்லை. காலி வீடு யாரையும் எழுந்து வாசிக்கச் சொல்லாது.

அம்மாவோடு நான் முதன்முதலாக வேலைக்குப் போன வீடு இதே வீடுதான். அப்போது எனக்குப் பதினாலு வயது. வெள்ளையடித்தவர்கள் ஹால் தரையில் டிஸ்டம்பரைச் சொட்டுச் சொட்டாகச் சிந்திவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா என் கையில் நாரைக் கொடுத்து, தண்ணீரில் ஊறவிட்டுத் தேய்க்கச் சொல்லிவிட்டு, பினாயில் வாங்கக் கடைக்குப் போனாள். ஆசிட் பாத்ரூமுக்கு மட்டும்தான், ஹால் பக்கமே அதைக் கொண்டுவரக் கூடாது என்று வந்த உடனேயே சொல்லியிருந்தாள். ஏன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான் கேட்கிற ஆள் இல்லை.

அவள் திரும்பி வருவதற்குள் முடித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. பாத்ரூமில் ஆசிட் பட்ட இடமெல்லாம் சட்டென்று வெளுத்ததைப் பார்த்திருந்தேன். பாட்டிலை எடுத்துவந்து ஹாலில் ஊற்றினேன். தரை சர்ரென்று நுரைத்தது. பயந்துபோய் மூன்று வாளித் தண்ணீரைக் கொட்டித் தள்ளினேன். டிஸ்டம்பர் போயிருந்தது. ஈரத்தில் தரை கண்ணாடி மாதிரி மின்னியது. அம்மா வந்து பார்த்து, “பரவால்லையே” என்றாள்.

மத்தியானம் காய்ந்த பிறகுதான் தெரிந்தது. பளபளப்பு செத்து, அந்த இடம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. கை வைத்தால் சொரசொரத்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் ஒரு துணியை நனைத்துவந்து அந்த இடத்தைத் துடைத்தேன், மறுபடியும் மின்னியது. காய்ந்ததும் மறுபடியும் நனைத்தேன். வீட்டைப் பூட்டுகிற வரைக்கும் நனைத்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் விடியற்காலையில் கருத்தக்கண்ணன் அண்ணன் குடும்பம் அங்கே பால் காய்ச்சியது. அன்றைக்கே அந்த இடத்தில் கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டது. மூன்று வருடம் அதை நான், எல்லாவற்றையும் எழுதிவைக்கிற என் நோட்டைத் தவிர வேறு யாரிடமும் சொல்லவில்லை.

அந்தக் கட்டிலைத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை தூக்கினார்கள்.

டீச்சர் காலையிலிருந்தே வீட்டைச் சுற்றிப் பார்த்து, அட்வான்ஸில் கழிக்க வேண்டியதையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார். கையில் சாக்பீஸ். சுவரில் இருந்த ஒவ்வொரு ஆணி ஓட்டையையும் சுற்றி வட்டம் போட்டு நம்பர் கொடுத்தார். முத்திருளன் என்னிடம் சொல்வதைப் போலச் சத்தமாகவே, டீச்சர் ரிட்டயராகி ஒம்பது வருசமாகியும் பேப்பர் திருத்துவதை விடவில்லை என்றார். டீச்சர் தலையைத் திருப்பாமல், “உங்க கமிஷனையும் திருத்தணுமா முத்திருளன்?” என்று கேட்டார். அவர் அதற்குப் பிறகு வாசல் பக்கமே நின்றுகொண்டார்.

அட்வான்ஸ் அறுபதாயிரம். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை ஏழாயிரத்து ஐந்நூறு; அது எந்த வீட்டிலும் பிடிப்பதுதான், அதில் யாருக்கும் பேச்சில்லை. உடைந்த ஜன்னல் கண்ணாடி, ஒழுகுகிற சிங்க் குழாய், பதினேழு ஆணி ஓட்டைகள், எல்லாம் சேர்த்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. கருத்தக்கண்ணன் அண்ணன் டவுன் பஸ் கண்டக்டர். டீச்சர் கழித்து முடிப்பதற்கு முன்பே, மிச்சம் ஐம்பத்தோராயிரத்து ஐந்நூற்றைம்பது என்று சொல்லிவிட்டார். அவரை உசிலம்பட்டி டெப்போவுக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே பார்த்திருந்த வீட்டுக்கு அட்வான்ஸ் ஐம்பதாயிரம். அன்று சாயங்காலத்துக்குள் கொடுக்கவில்லை என்றால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும். வாசலில் குட்டியானை வண்டி பாதிச் சாமானோடு நின்றது. ஹாலில் கட்டில் மட்டும்தான் பாக்கி. அதைத் தூக்கியபோது டீச்சர் அந்த வெளுப்பைப் பார்த்தார்.

டீச்சரைக் கல்நெஞ்சுக்காரர் என்று நான் எழுத மாட்டேன். அந்தத் தரையைப் போட்டது அவருடைய வீட்டுக்காரர் யேசுதாஸ் சார். மொசைக்கில் பதிக்கிற கல் சில்லுகளின் நிறத்தை அவரே கடையில் நின்று பொறுக்கினாராம். பாலிஷ் போட்ட பத்து நாளும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஆட்களோடு நின்றாராம். சார் இறந்து ஏழு வருடம் ஆகிறது. இதெல்லாம் முத்திருளன் சொல்லித் தெரியும். டீச்சர் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து அந்த இடத்தைத் தொட்டார். எழுந்தபோது அவர் முகம் வேறாக இருந்தது.

“பிள்ள ராத்திரி படுக்கையில போயிருக்கு. மூணு வருஷமா எறங்கி எறங்கித் தரைய அரிச்சிருக்கு” என்றார்.

நாங்கள் வரும்போதே அப்படித்தான் இருந்தது, மொசைக் என்றால் அங்கங்கே இப்படி இருக்கும்போல என்று நினைத்தோம் என்றார் முத்துமீனா அக்கா. காலி பண்ணுகிற எல்லோரும் சொல்வதுதான் இது என்றார் டீச்சர்.

“எம்பிள்ள போனதக் கழுவாமயா மூணு வருசம் அதுமேல படுத்திருந்தோம்? எங்களப் பாத்தா அப்படியா டீச்சர் தெரியுது?”

அக்காவின் குரல் கடைசி வார்த்தையில் உடைந்தது. அவர்களுடைய நாலு வயது மகள் அக்காவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. கருத்தக்கண்ணன் அண்ணன் நடுவில் வந்து, வீடு கழுவுகிற பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள், நல்லாத் தேய்த்தால் போய்விடும் என்று என்னைக் கைகாட்டினார். அதனால்தான் டீச்சர் என்னைக் கேட்டார்.

“போகாது” என்றேன்.

அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. டீச்சர் தலையாட்டிவிட்டு நோட்டில் பதினெட்டாயிரம் என்று எழுதினார். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். உசிலம்பட்டி வீட்டுக்காரரிடம் தவணை கேட்கப் போகிறார் என்று தெரிந்தது. முத்துமீனா அக்கா மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அது சேலைக்குள்ளிருந்து, “நான் போகலம்மா” என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

மீதிப் பாதியைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முத்திருளன் வாசலில் நிற்கிறார். அவர் அறிந்தால் தெப்பக்குளத்து புரோக்கர்கள் எல்லோரும் அறிந்த மாதிரி. பத்து வருடமாக அம்மா முட்டி போட்டுச் சேர்த்த பேர்.

“அது நான் பண்ணுனது” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. முத்திருளன் மட்டும், என்ன முனங்குகிறாய் என்றார்.

“ஆசிட்டு. இவங்க குடி வர்றதுக்கு முந்துன நாளு நான்தான் ஊத்துனேன். இவங்க பண்ணல. பாப்பா பண்ணல.”

சாமான் இல்லாத வீட்டில் சின்னக் குரல்கூடப் பெரிதாகக் கேட்கும். என் குரல் சுவரில் பட்டு எனக்கே திரும்பி வந்தது. போனைக் காதில் வைத்திருந்த அண்ணன் அதைக் கீழே இறக்கினார். டீச்சர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“நிமிர்ந்து நின்னு இன்னொரு தடவ சொல்லு.”

நிமிர்ந்து நின்றேன். இன்னொரு தடவை சொன்னேன். டிஸ்டம்பர் சிந்தியிருந்தது, சீக்கிரம் முடித்துக் காட்ட ஆசிட்டை ஊற்றியது, நுரைத்தது, ஈரத்துணி போட்டு மறைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். முடித்துவிட்டுத் திரும்பினால் அடுப்படி வாசலில் அம்மா வாளியோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. வாளியை வைத்துவிட்டு வந்து, அந்த இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ரேகை இல்லாத பெருவிரலால் தரையைத் தடவினாள். ஓரத்தில் தடவினாள், நடுவில் தடவினாள்.

“ஆசிட்டுதான் டீச்சர்” என்றாள். “பிள்ள மூத்திரம்னா மஞ்சப் பாரிச்சிருக்கும், இம்புட்டு சொரசொரப்பு இருக்காது. வேலைக்கு வந்தது நானு. அவ கை எங்கையிதான். இவங்க காசப் பிடிக்காதீங்க.”

டீச்சர் நோட்டை மூடவில்லை. பேசுவது எல்லாம் சரி, தரைக்கு என்ன பதில் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை புது ஆட்கள் பால் காய்ச்ச வருகிறார்கள், வெள்ளையடிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள், ஆனால் இந்தத் தரையை அவர்களுக்கு எப்படிக் காட்டுவது என்றார்.

“சனிக்கெழம சாயங்காலம் வந்து பாருங்க. இந்த எடம் எதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுச்சுன்னா, பதினெட்டாயிரத்தையும் நாந் தாரேன். எங் கூலியிலருந்து மாசாமாசம் கொண்டாந்து குடுக்கேன். அதுக்கப்புறம் பாண்டிமீனா கழுவுன வீடுன்னு எவரும் சொல்ல வேணாம்.” கடைசி வார்த்தையை அம்மா முத்திருளனைப் பார்த்துச் சொன்னாள்.

 டீச்சர் நோட்டில் தான் எழுதிய பதினெட்டாயிரத்தின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு அடித்தார். கைப்பையிலிருந்து கவரை எடுத்து, ஐம்பத்தோராயிரத்து ஐந்நூற்றைம்பதை எண்ணி அண்ணனிடம் கொடுத்து, எண்ணிப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். அண்ணன் கண்டக்டர் பழக்கத்தில் நோட்டுகளை நீளவாக்கில் மடித்து, விரலிடுக்கில் வைத்து எண்ணினார். டீச்சர் குனிந்து அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தொடப் போனார். அது விலகிக்கொண்டது.

வண்டி கிளம்பும்போது முத்துமீனா அக்கா மட்டும் திரும்பி உள்ளே வந்தார். நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்துவிட்டேன்.

“இத மொதல்லயே சொல்லியிருந்தா, எம்பிள்ளய அப்படிப் பேச விட்டிருப்பேனா?” என்றார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்.

அது நியாயம்தான். அதை நான் இங்கே அடிக்காமல் எழுதிவைக்கிறேன்.

வீட்டுக்குப் போகும்போது தெப்பக்குளத்து மூலை வரைக்கும் அம்மா எனக்கு முன்னால் நடந்தாள். மூலையில் நின்று, “அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு அடி போட்டிருப்பேன். அதோட போயிருக்கும். மூணு வருசமாவா வயித்துக்குள்ள வச்சிருந்த?” என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். “நானும்தான் ஏன் ஊத்தக் கூடாதுன்னு சொல்லல” என்றாள். 

அனுப்பானடியில் சின்னக்கருப்பன் என்று ஒருவர் இருக்கிறார், மொசைக் பாலிஷ் போடுகிறவர். அம்மா விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். பாதிப் பாய் அளவு இடத்துக்கெல்லாம் மிஷின் வராது, வந்தாலும் உங்களால் கொடுக்க முடியாது, கையால் தேய்த்தால் உண்டு என்றார். தரை தேய்க்கிற மூன்று பாலிஷ் கல்லை எடுத்து நாள் வாடகைக்குக் கொடுத்தார். ஒன்று முரடு, ஒன்று நடுத்தரம், ஒன்று நைஸ். எதற்குப் பிறகு எது, எவ்வளவு தண்ணீர், கடைசியில் போடுகிற பாலிஷ் பவுடர் எவ்வளவு என்று சொன்னார். நான் எல்லாவற்றையும் மனதுக்குள் எழுதிக்கொண்டேன்.

“அவசரப்பட்டா கோடு விழும். கோடு விழுந்துச்சு, அப்புறம் அது மொசைக் இல்லத்தா, சிலேட்டு” என்றார் என்னிடம்.

புதன்கிழமை அம்மாவுக்குச் சிந்தாமணியில் ஒரு வீடு இருந்தது. நான் மட்டும் வந்தேன். ஆசிட் அரித்துச் சின்னச் சின்னப் பள்ளமாகியிருந்த இடங்களில் வெள்ளைச் சிமெண்டைக் கலர் சேர்த்துக் குழைத்து, முந்தின நாள் சாயங்காலமே அம்மா திரும்பி வந்து அடைத்திருந்தாள். அது இறுகியிருந்தது. தண்ணீரைத் தெளித்து முரட்டுக் கல்லைப் போட்டேன். வட்டம் வட்டமாக, ஒரே அழுத்தமாக. கொஞ்ச நேரத்தில் சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி வந்தது. அதை வழித்துவிட்டுப் பார்த்தால் முன்பிருந்த மாதிரியேதான் இருந்தது. மத்தியானம் வரைக்கும் முன்பிருந்த மாதிரியே இருந்தது. அதற்குப் பிறகு, ஓரத்தில், ஒரு சிவப்புச் சில்லு முதலில் விழித்துக்கொண்டது.

யேசுதாஸ் சார் மூன்று நிறம் பொறுக்கியிருக்கிறார். சிவப்பு, பச்சை, தந்தத்தின் வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தால் கலந்து கொட்டியதைப் போலத் தெரியும். தரையோடு தரையாக நாலு நாள் இருந்ததால் எனக்குத் தெரியும்: ஒரு பச்சைக்குப் பக்கத்தில் இன்னொரு பச்சை எங்கேயும் இல்லை. யாரோ குனிந்து நின்று பார்த்துப் பார்த்துத் தூவியிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை நடுத்தரக் கல். அன்று அம்மாவும் வந்துவிட்டாள். இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். விரல் நுனிகள் முதலில் எரிந்தன, பிறகு மரத்துப்போயின. அடுத்த மாதம் ரேஷன் கடையில் என் விரலையும் மிஷின் படிக்கவில்லை. கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். ரெண்டு பேரும் சிரித்ததில் வரிசையில் நின்றவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நைஸ் கல் முடிந்து, துடைத்து, காயவிட்டோம். காய்ந்தது. வெளுப்பு எங்கேயும் இல்லை. ஜன்னல் கம்பிகள் அதில் தலைகீழாகத் தெரிந்தன. அம்மா எழுந்து வாசல் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குப் புரியவில்லை. நானும் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.

அந்த இடம் மட்டும் புதுசாக ஜொலித்தது. அதைச் சுற்றி முப்பது வருடத்துத் தரை மங்கலாகக் கிடந்தது. முன்பு வெளுப்பாகத் தெரிந்த அதே அளவில், அதே வடிவத்தில், இப்போது பளபளப்பாகத் தெரிந்தது.

“இப்ப இது ஒண்ணுதான் நல்லாருக்கு. மத்ததெல்லாம் கெட்டுப்போச்சு” என்றாள் அம்மா.

இடம் எது என்று டீச்சருக்குத் தெரியக் கூடாது என்பதுதான் பேச்சு. குருடரைத் தவிர யார் வந்தாலும் தெரியும். மங்க வைக்கவும் முடியாது. ஒரே வழிதான் இருந்தது, ஹால் முழுவதையும் இதற்குச் சமமாகக் கொண்டுவருவது. பன்னிரண்டுக்குப் பத்து அடி. கையில் இருந்தது ஒன்றரை நாள். சனிக்கிழமைக்கு ஒப்புக்கொண்ட வீட்டுக்காரரிடம் அம்மா போனில் வர முடியாது என்று சொன்னாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னக்கருப்பனிடம் போய் இன்னொரு நைஸ் கல்லை வாங்கிவந்தேன். அவர் ஏன் என்று கேட்டார், சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அந்தக் கல்லுக்கு வாடகை வேண்டாம் என்றார்.

அம்மா கிழக்குச் சுவரிலிருந்து, நான் மேற்குச் சுவரிலிருந்து. நல்லவேளையாக மற்ற இடத்தில் அரிப்பு இல்லை, பழைய அழுக்கும் மங்கலும்தான். நைஸ் கல்லே போதுமானதாக இருந்தது. வெள்ளிக்கிழமை இருட்டுகிற வரைக்கும் தேய்த்தோம். சனிக்கிழமை பொழுது விடிந்ததும் வந்துவிட்டோம். இடையில் முத்திருளன் ஒரு தடவை எட்டிப்பார்த்தார். நீ பேசாமல் இருந்திருந்தால் இம்புட்டு வேலை உண்டா என்று என்னிடம் கேட்டார்.  அம்மா, “அண்ணே, செருப்ப வெளிய விட்டுட்டு வந்து பேசுங்க” என்றாள். அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டு பின்னால் போனார். திரும்பி வரும்போது ரெண்டு டீ வாங்கிவந்தார்.

பன்னிரண்டு மணி வாக்கில் என் கல்லும் அம்மாவின் கல்லும் நடுவில் இடித்துக்கொண்டன. அதற்குப் பிறகு பவுடர், பிறகு மெழுகு, பிறகு பழைய பருத்தித் துணி.

டீச்சர் நாலரை மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். நாலு மணிக்கு அம்மா பழக்கத்தில் ஈரத் துடைப்பத்தை எடுத்தாள், கடைசியாக ஒரு தடவை இழுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்று.

“வேணாம்மா. காஞ்சே கெடக்கட்டும்” என்றேன்.

அம்மா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். நான் மேற்குப் பக்கத்து ஜன்னல் ரெண்டையும் முழுதாகத் திறந்துவிட்டேன். சாயங்கால வெயில் தரையில் படுத்து நீளமாக வந்தது. தரையில் ஒரு குறை இருந்தாலும் அந்த வெளிச்சத்தில் தப்பாது. தப்பக் கூடாது என்றுதான் திறந்தேன்.

டீச்சர் வந்தார். முத்திருளனும் பின்னால் வந்தார், செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு. டீச்சர் வாசலில் நின்று பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். ஜன்னல் பக்கம் போய் அங்கிருந்து பார்த்தார். கட்டில் எங்கே கிடந்தது என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கட்டில் இல்லாத ஹாலில் அந்த இடத்தைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. சுவரில் தான் போட்ட சாக்பீஸ் வட்டங்களைப் பார்த்து, அதிலிருந்து கணக்குப் போட்டுக் கீழே பார்த்தார். ஒரு முழம் தள்ளி, தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் கையை இறுகப் பிடித்திருந்தாள். 

பிறகு டீச்சர் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறும் காலால் நடக்க ஆரம்பித்தார். கீழே பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்து மெதுவாக நடந்தார். கண்ணுக்குத் தெரியாதது காலுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. அந்தச் சுவர் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். ரெண்டாவது தடவை அந்த இடத்தின் நடுவிலேயே மிதித்து நடந்தார். எனக்கு அங்கே இருக்கிற ஒவ்வொரு சில்லையும் தெரியும். அவர் குதிகால் அந்தச் சிவப்புச் சில்லின் மேல் ஊன்றி, நகர்ந்து போனது. கால் நிற்கவில்லை.

மூன்றாவது தடவை அவர் நடு ஹாலில் நின்றார். குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தேடியது இப்போது அந்த இடத்தை இல்லை என்று எனக்குத் தோன்றியது. முத்திருளன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

டீச்சர் கைப்பையைத் திறந்து சாவிக்கொத்தை எடுத்தார். அந்த வீட்டை எப்போதும் அவரே வந்து திறந்து, அவரே வந்து பூட்டுவார்; இந்த நாலு நாளும் உள்ளே எட்டிப்பார்க்காமல் வாசலோடு வந்து போனார். சாவியை யாரிடமும் கொடுத்து நான் பார்த்ததில்லை. வளையத்திலிருந்து அந்த வீட்டுச் சாவியை மட்டும் நகத்தால் நெம்பிக் கழற்றினார். முத்திருளன் வாங்கிக்கொள்வதற்குக் கையை நீட்டினார். டீச்சர் அவரைத் தாண்டி வந்து, அம்மாவையும் தாண்டி, என் கையைப் பிடித்து விரித்து, தேய்ந்த விரல்களின் மேல் சாவியை வைத்து மூடினார். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய், நிலையைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்டினார். படியிறங்கி, தெப்பக்குளத்துப் பக்கமாக நடந்து போனார்.